வேலை தேடும் நாட்களை ஓட்டுவது எப்படி? கடலூர், பாண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பத்து கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பினால் ஒன்பது இடத்திலிருந்து மூச்சே வராது. வேலை தேடுகிற ஆளை உட்கார வைத்துவிடுவது இதுதான். 'உங்களை எடுக்கவில்லை' என்று ஒரு வரி வந்தால்கூட ஒரு சாயங்காலம் வருத்தப்பட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். எதுவுமே வராதபோது போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதிலேயே நாள் போய்விடும், மூணாவது வாரம் 'நமக்கு என்னதான் குறை' என்ற கேள்வி வந்து நிற்கும், ஒரு மாதம் ஆனதும் அனுப்புவதே நின்றுவிடும். அதனால் நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: பதில் போடுவது அவர்கள் கையில், அனுப்புவதும் போய்ப் பார்ப்பதும் கேட்பதும் நம் கையில். நம் கையில் இருப்பதை மட்டும் எண்ணிக் கணக்கு வைத்துக்கொண்டால் மனசு தாங்கும். தன்னம்பிக்கை வீடியோக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. காலையில் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வடிந்துவிடுகிற சமாச்சாரம் அது.

சில வருஷம் பாண்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். பதில் ஏன் வருவதில்லை என்று அந்தப் பக்கமிருந்து பார்த்தால் சப்பென்ற காரணங்கள்தான் தெரியும். உள்ளேயே யாருக்காவது இடத்தைக் கொடுத்திருப்பார்கள். முடிவு சொல்ல வேண்டிய மேனேஜர் லீவில் இருப்பார். இந்த வருஷம் ஆள் வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருப்பார்கள், ஆனால் விளம்பரத்தை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. முன்னூறு மெயில் வந்து கிடக்கும், முதல் அறுபதைப் பார்த்ததுமே வேண்டிய ஆள் கிடைத்துவிட்டால் மீதியை யாரும் திறக்கப்போவதில்லை. இதில் உங்கள் குறை என்று எதையுமே சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாமே தன் குறையாகத்தான் படும்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எக்செல் தெரிந்தவர்கள் எக்செல்லில் போடலாம், தப்பில்லை, ஆனால் போனைத் திறந்தால் ரீல்ஸும் சேர்ந்து திறக்கும் என்பதால் நான் நோட்டுக் கட்சி. ஒரு வேலைக்கு ஒரு பத்தி. உதாரணத்துக்கு, கெமிஸ்ட்ரி படித்த ஒரு பெண்ணின் நோட்டில் ஒரு பத்தி இப்படி இருக்கலாம்: 'செவ்வாய். சிப்காட், கெமிக்கல் கம்பெனி, க்யூ.சி. (தரப் பரிசோதனை) கெமிஸ்ட். எங்கே பார்த்தது: காலேஜ் வாட்ஸ்அப் குரூப். மெயில் அனுப்பியது காலை 10 மணி, அனுப்பியது இரண்டாவது ரெஸ்யூம் (லேப் அனுபவம் மேலே உள்ளது). சம்பளம் போடவில்லை. அடுத்து: வர்ற செவ்வாய் ஆபீஸ் நம்பருக்கு போன்.' இவ்வளவுதான். இதில் கடைசி வரி ரொம்ப முக்கியம். அடுத்து என்ன, எப்போது என்று தேதியோடு எழுதிவிட்டால் அந்தச் செவ்வாய் வரை அந்தக் கம்பெனியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், நோட்டு பார்த்துக்கொள்ளும். தேதி வந்ததும் ஒரு போன், ஒரு வாரம் கழித்து இன்னொரு மெயில், அதற்கும் பதில் இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுங்கள்.

எந்த ரெஸ்யூமை எங்கே அனுப்பினோம் என்று எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூணு வாரம் கழித்துத் திடீரென்று போன் வரும். "நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்களே" என்று ஆரம்பிப்பார்கள், நீங்கள் எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று தெரியாமல் "ஆமா சார், ஆமா சார்" என்று தடுமாறுவீர்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது இரண்டு நொடியில் தெரிந்துவிடும். நோட்டு பக்கத்தில் இருந்தால் "ஆமாங்க மேடம், க்யூ.சி. கெமிஸ்ட் வேலைக்கு, போன மாசம் பன்னிரண்டாம் தேதி அனுப்பினேன்" என்று சொல்லலாம். இப்படிச் சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு, அதனாலேயே மனசில் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாரக் கணக்கைக் கூட்டுங்கள். எத்தனை அனுப்பினேன், எத்தனை பேரைக் கேட்டேன், எத்தனை இடத்துக்கு நேரில் போனேன். வந்த பதிலை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். வாரத்துக்குப் பத்து என்று வைத்திருந்தால் பத்து வந்ததா, அதோடு வாரம் முடிந்தது. தினமும் ஐம்பது இடத்துக்கு 'ஈசி அப்ளை' பட்டனைத் தட்டுகிறவர்களும் உண்டு. அதை நான் அனுப்பியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

காகிதம்

சர்டிபிகேட் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறியது, 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல், அது முடிந்த கையோடு தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த மார்க்ஷீட் ஊறிப்போன கதையை அக்கம்பக்கத்தில் கேட்டிருப்பீர்கள். ஒரிஜினல் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஜிப் கவரில் போட்டு வீட்டிலேயே உயரமான இடத்தில் வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்த சான்றிதழைச் சரிபார்க்கும்போது சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், பின்னால் முத்திரை வைக்கவும் முடியாது. டிஜிலாக்கரில் கிடைப்பதை அங்கேயே எடுத்து வையுங்கள், கிடைக்காததை ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கையில் எடுத்துப் போகும் ஒரு பைல் தனி. அதில் ஐந்து ரெஸ்யூம், சர்டிபிகேட் ஜெராக்ஸ் இரண்டு செட், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு, நீல மை பேனா ஒன்று. இது எப்போதும் தயாராகக் கதவு ஓரமாகத் தொங்க வேண்டும். வாக்-இன் (நேரடி இன்டர்வியூ) என்று காலை எட்டு மணிக்குத் தெரிந்து பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டிய நாளில் ஜெராக்ஸ் கடை திறக்கக் காத்திருப்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை. வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும் என்பதால் தேதியை நோட்டில் குறித்து வையுங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றை இப்போதே வாங்கத் தொடங்குங்கள். தமிழக அரசு வேலைகளில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும், தலைமை ஆசிரியர் லீவு, ரிஜிஸ்டர் கிடைக்கவில்லை என்று இழுக்கும். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் நேரம் பத்தாது.

ஏற்கனவே வேலை பார்த்து விட்டவர்கள் ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச பே ஸ்லிப், பி.எப். யு.ஏ.என். நம்பர் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பி.எப். தளத்தில் உங்கள் பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். போடவில்லை என்றால் கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே போட்டுக்கொள்ளலாம். புதுக் கம்பெனியில் சேரும்போது இதுதான் இடிக்கும்.

எங்கே தேடுவது

வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸுக்குள் என்னென்ன இருக்கிறது என்று முதலில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கடலூரில் இருப்பவருக்கு இது நிறையவே வரும். சிப்காட்டில் கெமிக்கல், மருந்து சம்பந்தப்பட்ட கம்பெனிகள், அங்கே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, டிப்ளமோ கெமிக்கல், ஐ.டி.ஐ. பிட்டர், எலக்ட்ரீஷியனுக்கு எப்போதும் கேட்பு உண்டு. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. நெய்வேலியில் என்.எல்.சி. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். அங்கே கணக்கு எழுத, பேக்கிங் பார்க்க, ஏற்றுமதி பேப்பர் வேலை தெரிந்த ஆள் தேவைப்படும், ஆனால் அந்த வேலை எதுவும் ஆன்லைனில் வராது, கடையில் போய்த்தான் கேட்க வேண்டும்.

வடக்கே முள்ளோடையைத் தாண்டினால் பாண்டி. பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் கடலூர் ரோட்டிலேயே மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் நர்சிங், லேப் டெக்னீஷியன், பில்லிங், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் படித்தவர்களுக்குப் பஸ் மாறாமல் போய்வரலாம். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. சேதராப்பட்டு மயிலம் ரோட்டில், திருபுவனை விழுப்புரம் ரோட்டில், இரண்டுக்கும் கடலூரிலிருந்து தினமும் போய்வருவது என்பது கம்பெனி பஸ் இருந்தால் சரி, இல்லையென்றால் ஒரு மாதத்தில் உடம்பு சொல்லிவிடும். பாண்டி அரசாங்க வேலைக்குப் பெரும்பாலும் அங்கேயே வசிப்பதற்கான சான்று கேட்பார்கள். தனியார் கம்பெனிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் அதன் அறிவிப்புகளைத் தனியாக அதன் தளத்திலேயே பாருங்கள்.

இந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருநாள் நேரில் போய் வாருங்கள் என்று சொல்வேன். செக்யூரிட்டி கேபினுக்கு முன்னால் நின்று "அண்ணே, இங்க ஆள் எடுக்கிறாங்களா, யாரைப் பார்க்கணும்" என்று கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது. நிரந்தர ஆளா காண்ட்ராக்ட் ஆளா, காண்ட்ராக்டர் யார், ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறும், கேன்டீன் உண்டா, யார் வேலையை விட்டுப் போயிருக்கிறார் என்பதெல்லாம் அந்த அண்ணனுக்குத் தெரியும். எச்.ஆர். மெயிலில் கிடைக்காத தகவல் எல்லாம் அந்தக் கேட்டில் கிடைக்கும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பழைய காலச் சமாச்சாரம் என்று ஒதுக்காதீர்கள். பதிவு இப்போது ஆன்லைனில்தான், மூணு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும் மாதத்தைத் தவறவிட்டுச் சீனியாரிட்டியை இழந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அந்த அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள், எந்த வெள்ளி என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் அங்கேதான். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் ஒன்று, மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் ஒன்று, இரண்டிலும் பதிவு இலவசம்.

பதிவு செய்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு மாதக் கணக்குப் போட்டு உதவித்தொகை தருகிறது: பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூணு வருஷம் வரை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வயது 40ஐத் தாண்டக்கூடாது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கிறவர்களுக்குக் கிடையாது. அறுநூறு ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கலாம். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும், வீட்டில் கை நீட்டாமல்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்த உடனே இருப்பவர்கள் அப்ரண்டிஸ் பயிற்சியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பெரிய தொழிற்சாலைகள் பயிற்சிக்கு ஆள் எடுத்தே ஆக வேண்டும், என்.எல்.சி.யும் எடுக்கிறது. முடித்தால் வேலை உறுதி என்று யாரும் சொல்லவில்லை, அதை நம்பிப் போகாதீர்கள். ஆனால் ரெஸ்யூமில் 'அனுபவம்' என்ற தலைப்புக்குக் கீழே எழுத ஒரு வரி கிடைக்கும், அந்த ஒரு வரிதான் இப்போது உங்களிடம் இல்லை.

ஆளைக் கேட்பது

நம் பக்கம் பாதி வேலை சொல்லித்தான் கிடைக்கிறது. இதைச் சிபாரிசு என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். "எனக்கு வேலை வாங்கிக் கொடுங்க" என்று கேட்டால் எதிராளிக்குப் பாரம், பதிலே போட மாட்டார். கேட்கிறதைச் சின்னதாகக் கேட்க வேண்டும். இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: 'வணக்கம் அண்ணா. நான் நம்ம பாலிடெக்னிக், மெக்கானிக்கல், உங்களுக்கு ரெண்டு பேட்ச் ஜூனியர். திருப்பாப்புலியூர்ல இருக்கேன். மெயின்டெனன்ஸ் வேலைக்குப் பார்த்துட்டு இருக்கேன். உங்க கம்பெனில அந்த டிபார்ட்மென்ட்ல என்ன மாதிரி ஆள் எடுப்பாங்க, எந்த மாசம் எடுப்பாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணா. நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க.' இதற்கு முக்கால்வாசிப் பேர் பதில் போடுவார்கள். அதில் ஒருவராவது "ரெஸ்யூம் அனுப்புடா, கொடுத்துப் பார்க்கிறேன்" என்பார். பேச்சுத் தமிழிலேயே அனுப்புங்கள். 'டியர் சார், ஐ ஆம் லுக்கிங் பார்' என்று ஊர் அண்ணனுக்கு அனுப்பினால் அவருக்கே சிரிப்பு வரும்.

கல்யாண வீட்டில் "தம்பி இப்ப என்ன பண்ற?" என்று கேட்கும் மாமாக்களுக்குப் பயந்து மண்டபத்துக்கே போகாமல் இருப்பது எல்லோரும் செய்வது. நான் சொல்வது, போங்கள், பதிலைத் தயாராக எடுத்துக்கொண்டு போங்கள். "க்யூ.சி. வேலைக்குப் பார்த்துட்டு இருக்கேன் மாமா, சிப்காட்ல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர் கொடுங்க." கேள்வி கேட்டவர் இப்போது பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார். பாதிப் பேர் "பார்க்கலாம்பா" என்று பந்தி பக்கம் நகர்ந்துவிடுவார்கள், மீதிப் பேர் உண்மையிலேயே யோசிப்பார்கள். இரண்டும் லாபம்.

வீட்டுக்குள் இது வேறு மாதிரி. அப்பா தினமும் "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பதும், நீங்கள் "இல்லை" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போவதும், அதற்கு அம்மா சமாதானம் சொல்வதுமாக ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு கணக்கைக் கூட்டியதும் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டிவிடுங்கள். இந்த வாரம் இத்தனை இடம், அடுத்த வாரம் இது. அவருக்குப் பிள்ளை சும்மா இல்லை என்று தெரிந்தால் போதும், மற்ற ஆறு நாளும் கேட்க மாட்டார். பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு சண்டையும் உண்டு: நைட் ஷிப்ட் வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம், பாண்டிக்குத் தினமும் பஸ்ஸில் வேண்டாம். வேலை கையில் வந்த பிறகு இந்தச் சண்டையைத் தொடங்கினால் அந்த வேலை போய்விடும். எதற்கு ஒத்துக்கொள்வார்கள், கம்பெனி பஸ் வாசல் ஸ்டாப் வரை வந்தால் செகண்ட் ஷிப்ட் சரியா, எத்தனை மணிக்குள் வீடு திரும்பினால் பேச்சு இருக்காது என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

நாள் எப்படிப் போக வேண்டும்

காலையில் குளித்து, வெளியில் போகிற சட்டை போட்டு, ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். எங்கே? நூலகத்துக்கு. கடலூரில் மாவட்ட மைய நூலகம், பாண்டியில் இருந்தால் 1827ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், ராஜ்நிவாஸ் பக்கத்திலேயே. மின்விசிறி, மேஜை, எல்லாத் தமிழ் தினசரிகளும், போட்டித் தேர்வுப் புத்தகங்களும் அங்கே இருக்கும், முக்கியமாக உங்களைப் போலவே பத்துப் பேர் இருப்பார்கள். ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை அனுப்புவது, எழுதுவது, போன் பேசுவது. அதோடு வேலை தேடுவது முடிந்தது. நாள் முழுக்கத் தேடினால் நாள் முழுக்கத் தோற்ற மாதிரி இருக்கும், மூணு மணி நேரம் போதும்.

மதியத்துக்கு மேல் ஏதாவது கற்றுக்கொள்ள. அது டேலியாக இருக்கலாம், ஆட்டோகேடாக இருக்கலாம், ஆங்கிலம் வாய்விட்டுப் பேசிப் பழகுவதாக இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்று கோர்ஸில் ஒரே சமயத்தில் பணம் கட்டியவர் எதையும் முடித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சில் நடந்துவிட்டு வாருங்கள், காசு இல்லாத பொழுதுபோக்கு. பாண்டிக்கு இன்டர்வியூ போகிறேன் என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு திரும்பும் வழியில் கன்னியகோவிலில் சரக்கடிக்க இறங்குகிறவர்களுக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை, ஆனால் அடுத்த முறை நிஜமாகவே இன்டர்வியூ வரும்போது வீட்டில் பஸ் காசு கிடைக்காது, அது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பணம் சுத்தமாக வறண்டுபோனால் தேடுவதும் நின்றுவிடும். காலை நேரத்தைக் கெடுக்காத சின்ன வருமானம் எதையாவது பிடியுங்கள்: சாயங்கால டியூஷன், முகூர்த்த நாளில் கேட்டரிங், தெரிந்தவர் கடையில் மாலைக் கணக்கு. அதில் வருவதிலிருந்து மாதத்துக்கு இவ்வளவு என்று பஸ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், ரீசார்ஜுக்குத் தனியாக ஒரு கவரில் எடுத்து வையுங்கள். ரீசார்ஜ் ரொம்ப முக்கியம். இன்கமிங் கட் ஆன நம்பரை எத்தனை ரெஸ்யூமில் பார்த்திருக்கிறேன்! எச்.ஆர். இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு, வேலை தேடும் காலத்தில் எல்லா நம்பரையும் எடுங்கள், லோன் வேணுமா என்று கேட்டால் வைத்துவிடலாம்.

சில நாள் எதுவும் ஓடாது, படுக்கையை விட்டு எழவே மனசு வராது. அந்த மாதிரி நாளில் ஒரே ஒரு போன் மட்டும் பேசிவிட்டு அன்றைக்கு மூடிவிடுங்கள். ஆனால் அது நாட்கணக்கில் நீண்டு, சாப்பாடு தூக்கம் இரண்டும் கெட்டால், யாரிடமும் பேசப் பிடிக்காமல் போனால், அது நோட்டால் சரியாகிற விஷயம் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனிலேயே பேச 14416, டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஏமாற்றுக்காரர்கள்

வேலைக்குக் காசு கேட்டால் அது வேலை இல்லை. ரிஜிஸ்ட்ரேஷன், யூனிபார்ம், ட்ரெயினிங் டெபாசிட், லேப்டாப் கூரியர் என்று என்ன பெயர் வைத்தாலும் ஒன்றுதான். "நெய்வேலியில ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தா பர்மனென்ட்" என்று டீக்கடையில் சொல்கிறவருக்கு அங்கே ஆள் இருக்காது. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று முதல் நாள் நூற்று ஐம்பது ரூபாய் நிஜமாகவே போட்டுவிட்டு, நாலாம் நாள் உங்களிடமிருந்தே முதலீடு கேட்பார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வெளிநாடு போகிறவர்கள் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம் என்று டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்ததும், 2022 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அங்கிருந்து மீட்டு வந்ததும் செய்தியில் எல்லோரும் பார்த்ததுதான். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகலாம் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்களுக்கு

குரூப் 4க்கு மட்டும் படித்துக்கொண்டு வேறு எதற்கும் அனுப்பாமல் இருப்பது சரியா என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. என் கணக்கு இது: ஒரு தேர்வுக்கு முழுமூச்சாக உட்காரலாம், அது முடிந்து வினாத்தாளை நேர்மையாகத் திருத்திப் பார்க்க வேண்டும். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் தமிழ்ப் பகுதி 100 கேள்விக்கு 150. அந்தத் தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்கவில்லை என்றால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். போன கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இன்னொரு வருஷம் படிப்பதில் அர்த்தம் உண்டு. ரொம்பத் தள்ளி இருந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே படியுங்கள். நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டினால் ஐந்து வருஷம் செல்லும், வருஷத் திட்டத்தை அவர்கள் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள், அதைப் பார்த்து நோட்டில் தேதிகளை ஏற்றிவிடுங்கள்.

வேலை வந்ததும்

போனில் "செலக்ட் ஆயிட்டீங்க, திங்கட்கிழமை வந்துடுங்க" என்றால் சந்தோஷத்தில் "சரி சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ஆபர் லெட்டர் மெயிலில் வருமா என்று கேளுங்கள். அதில் சம்பளம் சி.டி.சி.யாகத்தான் (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) போட்டிருப்பார்கள், கையில் எவ்வளவு வரும் என்று தனியாகக் கேளுங்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா, கம்பெனி ரோலா காண்ட்ராக்டர் ரோலா, இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்று பாண்ட் ஏதாவது கையெழுத்துப் போடச் சொல்வார்களா, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா. ஒரிஜினலைக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்வேன். ஷிப்ட் எத்தனை மணிக்கு, கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும், தவறவிட்டால் அடுத்து என்ன வழி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். காத்திருக்கும் மற்ற கம்பெனிகளுக்கு இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், நன்றி என்று. ரெஸ்யூமைக் கொடுத்துப் பார்த்த அந்த அண்ணனுக்கும், நம்பர் கொடுத்த மாமாவுக்கும் மெயில் பத்தாது, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.